மாரிக்கண்ணன் கொண்டுபோன பதினோரு கத்திகள்

தாராவியில் பெல்ட் தைக்கிற மாரிக்கண்ணனுக்குச் சவரக்கத்தி மேல் ஆசை வந்ததற்கு மாட்டுங்கா நம்பிராஜன்தான் காரணம். இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பழைய மடக்குச் சவரக்கத்திகளைத் தேடி வாங்கி, தீட்டி, தினமும் அவற்றாலேயே முகம் வழித்துக்கொள்கிற பைத்தியம் அவருக்கு உண்டு. கத்தியைத் தீட்டத் தோல்வார் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டுப் பட்டறைக்கு வந்தார். வார் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாரிக்கண்ணனும் பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் ஒரு கத்தியை வாங்கினார். தீட்டினார், வழித்தார், கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

மனைவி கீதா, இரண்டு பெண் பிள்ளைகள், அவர் என்று நான்கு பேர் ஒற்றை அறையில் இருக்கிற குடித்தனம். காலையில் கத்தியோடு கண்ணாடி முன்னால் நிற்கிற இருபது நிமிடம்தான் அவருக்கே அவருக்கான நேரம். கத்தி கையில் இருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கன்னம் போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நம்பிராஜன் அவரைத் தங்கள் வாட்ஸப் குழுவிலும் சேர்த்துவிட்டார். டாக்டர்கள், இன்ஜினியர்கள், செம்பூரில் இருக்கிற அமிர்தநாதன் என்ற பழைய கப்பல்காரர் என்று எல்லோரும் மேல்தட்டு ஆட்கள். எல்லாம் இங்கிலீஷ். மாரிக்கண்ணன் இரண்டு வருடமாக அதில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. ஆனாலும் அவர் செய்த வாரைப் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை எழுதினால், கீதாவிடம் ஒருதரம், பட்டறையில் ஒருதரம் என்று வாசித்துக் காட்டாமல் இருக்க மாட்டார்.

இந்த ஜூலையில் பெங்களூரில் அவர்களுடைய வருடாந்திரக் கூட்டம். மாரிக்கண்ணனும் வர வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்கு வார் செய்கிற விதத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து போகிற மற்ற ஐந்து பேரும் கைப்பையோடு விமானத்தில் போகிறவர்கள். சவரக்கத்தியைக் கைப்பையில் வைத்தால் ஏற விட மாட்டார்கள். விமானத்தின் அடியில் ஏற்றுகிற பெட்டியில் போடலாம்தான். ஆனால் அமிர்தநாதனுக்கு ஒருதரம் பெட்டியே காணாமல் போன அனுபவம் உண்டு. அதனால் நம்பிராஜன் போன் போட்டு, நீங்கள்தான் ரயிலில் வருகிறீர்களே, எங்கள் கத்திகளையும் எடுத்து வந்துவிடுங்களேன் என்றார். மாரிக்கண்ணன் யோசிக்காமல் சரி சார் என்றுவிட்டார். காசுக்கு ஒரு சாமான் கேட்பது வேறு. இது நம்பிக் கேட்பது. இரண்டு வருடத்தில் அவர்கள் அவரை நம்பிக் கேட்ட முதல் விஷயம் இதுதான்.

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், தோல் சீவுகிற கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சயான் பக்கம் சாணை பிடிக்கப் போனார். அன்று அங்கே ஏதோ போலீஸ் பந்தோபஸ்து. துணியைப் பிரித்துப் பார்த்தார்கள், ஊர் எது என்று கேட்டார்கள், தாராவி என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. ஒன்றரை நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதன்பிறகு அவர் ரோட்டில் ஒரு கத்தரிக்கோலைக்கூட எடுத்துப் போனதில்லை. இப்போது ஐந்து பேருடையதும் சேர்த்துப் பதினொன்று, அதுவும் கழுத்தை அறுக்கிற கூர்மையில்.

கீதாவுக்கு விஷயம் தெரிந்ததும் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவிய பிளேன்ல போவாவ, நீங்க கத்தியத் தூக்கிட்டு ரயில்ல போவணுமா? அவியள்ல ஒருத்தர் தூக்கிட்டுப் போனா போலீஸ் சலாம் போடுவான். நீங்க போனா?" என்று கேட்டாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று என்று அவருக்கும் தெரியும். ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு அவர் வார் தைத்துக் கொடுக்கிற ஆள் மட்டும்தான்.

குர்லா கோர்ட்டுப் பக்கம் வக்கீல் அல்தாபைப் போய்ப் பார்த்தார். அல்தாப் பொறுமையாகவே சொன்னார். சவரக்கத்திக்கு லைசென்ஸ் ஒன்றும் வேண்டாம், ஆனால் எதற்கு எடுத்துப் போகிறாய் என்று போலீஸ் கேட்கலாம், கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும். கத்தியின் போட்டோவும் சொந்தக்காரர் கையெழுத்தும் போட்ட பட்டியல் வேண்டும், கூட்டத்துக்கு அழைத்த கடிதம் வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டும். ஒவ்வொரு கத்தியும் விரியாமல், அசையாமல் உறைக்குள் இருக்க வேண்டும். மறைக்கக் கூடாது, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு என்றார்.

அசையாமல் என்ற அந்த ஒரு வார்த்தை மாரிக்கண்ணனின் மண்டையில் ஏறிக்கொண்டது. துணியில் சுற்றினால் போலீசுக்குத் துணியில் சுற்றிய கத்திதான் கண்ணில் படும். அது அவர் ஏற்கெனவே பட்ட பாடு. அதனால் கனத்த தோலை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, வாங்கி வந்த கத்திகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் தோலை இழுத்து அமுக்கி அச்சுப் பிடிக்க வைத்தார். பதினோரு உறை, பதினோரு பித்தளைப் பொத்தான். தன்னுடைய மூன்று கத்திகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டார். எதற்கு மூன்று குற்றம் கூடுதலாக?

உறைகளை இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டார். வெளியே மழை விடவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தடவிப் பார்த்தார், காய்ந்த மாதிரி இருந்தது. கத்திகளுக்கு எண்ணெய் தடவி உள்ளே சொருகி, பெட்டியில் அடுக்கி, மழைத்தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக்கைச் சுற்றிப் பூட்டினார். ஈரம் காயாத பெல்ட்டில் பக்கிளை மாட்டினால் துருப்பிடிக்கும் என்று பட்டறையில் ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர் இவர்தான். மேலே காய்ந்த கனத்த தோல் உள்ளே காய்ந்திருக்காது என்பதும், ஈரத் தோல் எண்ணெயைக் குடித்துவிடும் என்பதும் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் போன் வந்ததிலிருந்து அந்தப் பத்து நாளும் அவர் போலீசை நினைத்தாரே தவிரத் தோலை நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் பையைச் சோதிக்கிற மெஷினுக்கு முன்னால் போய் நின்று, தானாகவே, உள்ளே சவரக்கத்தி இருக்கிறது சாப் என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது போலீஸ்காரர் ஓரமாகக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். சட்டையில் ஜாதவ் என்று பேர் இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார், பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னார், பொத்தான் போட்ட உறைகளைக் கண்ணாலேயே எண்ணினார். இது உங்களுக்குப் பொழுதுபோக்கா என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, எனக்கு மீன் வளர்க்கிற பைத்தியம், வீட்டில் ஒரே சண்டை என்று சிரித்தார். அழைப்புக் கடிதத்தின் பின்பக்கம், நான் பார்த்துவிட்டேன் என்று எழுதி, பேரையும் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். வழியில் யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள் என்றார். மாரிக்கண்ணனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அப்படியும் இருபத்துநாலு மணி நேரமும் அவர் படுக்கவில்லை. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அதன்மேல் காலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சோலாப்பூரில் சாப்பாடு வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். பெங்களூர் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் மூச்சே வந்தது.

கூட்டம் நடக்கிற ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். பெட்டியை மேஜையில் வைத்ததும் கைதட்டினார்கள். நம்பிராஜன்தான் முதல் உறையைப் பிரித்தார். கத்தி சுலபமாக வெளியே வரவில்லை. வந்தபோது அதன் வாய் நெடுகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. பதினொன்றில் ஏழு துருப்பிடித்திருந்தது. அதில் மோசமானது அமிர்தநாதனுடையது. முதல் கப்பல் பயணத்தில் ஜெர்மனியில் வாங்கி, ஐம்பது வருடமாக அவர் தினமும் வழித்துக்கொண்ட கத்தி. அதன் கூரே அரித்துப் போயிருந்தது.

மாரிக்கண்ணன் உறைக்குள் விரலை விட்டார். சில்லென்று இருந்தது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

அதற்குள் நம்பிராஜனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "போலீஸ்காரன் திறந்து போட்டிருப்பான், மழைத்தண்ணி உள்ள போயிருக்கும். அப்படித்தானே மாரி?" என்றார். மாரிக்கண்ணன் தலையை ஆட்டிவிட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலை தானாக ஆடியது. உடனே எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் தோளில் தட்டினார். எவ்வளவு கஷ்டப்பட்டீர்களோ என்றார்கள். இரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு நெருங்கிப் பேசியதில்லை.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் நம்பிராஜன் பாதி வாழ்க்கையைக் கடிதம் எழுதியே கழித்தவர். பெட்டிக்குள் கிடந்த அழைப்புக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தாங்க, பேரே இருக்கு. ஜாதவ். இவனைச் சும்மா விடக்கூடாது. ரயில்வேக்கு இப்பவே கம்ப்ளெயிண்ட் அனுப்புறேன், உங்க பேர்லயே போடறேன், சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று போனில் தட்ட ஆரம்பித்தார்.

மாரிக்கண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் இந்த மனிதர்கள் அவருக்கு இருப்பார்கள். வாயைத் திறந்தால், நாற்பது பேருக்கு முன்னால் தோல் தெரியாத தோல்காரன். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை தோல் வேலைதான். நம்பிராஜன் எழுதியதை வாசித்துக் காட்டினார். அலட்சியம் என்று ஒரு வார்த்தை வந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன மனிதரைப் பற்றி அந்த வார்த்தை.

"அனுப்பாதீங்க சார்" என்றார் மாரிக்கண்ணன். "அவரு பெட்டிய மட்டுந்தான் தொறக்கச் சொன்னாரு. ஒறயத் தொடவே இல்ல. தப்பு எந் தோலுல. ஈரம் காயாம உள்ள வச்சிட்டேன்."

நம்பிராஜன் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், இவர் தோல் வேலை செய்கிறவர்தானே என்று இங்கிலீஷில் கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் மாரிக்கண்ணனுக்குப் புரியும். மூன்று மணிக்கு வேறு யாரோ சோப்பைப் பற்றிப் பேசினார்கள். நேரம் போதவில்லை என்று நம்பிராஜன் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் மாரிக்கண்ணன் அமிர்தநாதனுக்கு முன்னால் போய் நின்றார். எழுபத்தைந்து வயசு மனிதர், கெட்டுப்போன கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணன் கும்பிட்டுக் கேட்டார். "சார், திரும்பி நானே கொண்டுபோறேன். துணியிலயே சுத்திக் கொண்டுபோறேன், போலீஸ் பிடிச்சாலும் பரவால்ல. ஒங்க ஒண்ணையாவது எங்கிட்ட குடுங்க."

அமிர்தநாதன் அவர் தோளில் கையை வைத்தார். "வேண்டாம் மக்கா. எல்லாருதும் கூரியர்ல வந்துரும். நீ எம்புட்டுப் பயந்து கொண்டு வந்திருப்பன்னு எனக்குத் தெரியும். இனி வெறுங்கையா போ. ஒருத்தனும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டான்."

மனசார இரக்கப்பட்டுத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பத்து நாளில், இந்தப் பொறுப்பு உனக்கு வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று மாரிக்கண்ணன் எத்தனையோ தரம் ஏங்கியிருந்தார். இப்போது சொல்லிவிட்டார்கள். ஹாலுக்கு வெளியே செருப்பு கழற்றிப் போட்டிருந்த இடம்வரை வந்தவர், ஒரு காலை மட்டும் செருப்புக்குள் நுழைத்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார்.