விளக்கு வைத்த பிறகு கேட்ட உப்பு

விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி, பணம் எதையும் வாசல் தாண்டிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். ஆந்திராவின் நகரியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்தில் அம்மா கத்தித்தான் சொல்லுவாள்: "லட்சுமி பூடுவாடி!" என் தங்கை அப்போதே வாய்த்துடுக்கு. ஒருநாள் பொழுது போன நேரத்தில் எதிர்வீட்டுக்காரிக்கு உறைமோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நம்ம வூட்டுக்கு லட்சுமி எப்ப வந்தா, இப்ப போறதுக்கு?" என்று கேட்டாள். நைனா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அம்மாவின் பேச்சை என் தங்கை கேட்டது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதைச் சொல்ல உட்கார்ந்தாலே இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பதியில் தெருவுக்கு ஒரு இன்டர் காலேஜ், அதாவது பிளஸ் டூ காலேஜ், முளைத்த காலத்தில் ஒன்றில் எனக்கு கெமிஸ்ட்ரி லெக்சரர் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். கையில் நாலு காசு சேர்ந்ததும் உடன் வேலை செய்தவர்கள் ஃபிளாட், கார் என்று போனார்கள். நான் போய்க் கடலில் விழுந்தேன். சென்னை கொளத்தூரில் ஒரு மீன் கடை. பெரிய கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, உள்ளே பூத்துக்கிடந்த பவளங்கள். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு. செடியா என்றேன். "இல்லம்மா, உயிரு. வாய் இருக்கு, சாப்பிடும்" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், என் கதை முடிந்தது. நம் கடல் பவளத்தில் கை வைத்தால் கேஸ் ஆகும். இவை வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தவை என்று பில் போட்டுக் கொடுத்தார்.

முதல் முறை தொட்டியை நிரப்பச் சென்னையிலிருந்து கடல் தண்ணீரையே கேன் கேனாக பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்து, "ஏமம்மா, தீர்த்தமா?" என்றார். கடல் தண்ணீர் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாடே மலைக்கு வந்து தீர்த்தம் பிடித்துக்கொண்டு போகிறது, நீ ஒருத்தி வெளியூரிலிருந்து தண்ணீர் கொண்டு போகிறாயே என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு பவளத் தொட்டிக்கென்றே விற்கிற உப்புக்கு மாறினேன். சுத்தம் செய்த தண்ணீரில் அதைக் கரைத்தால் கடல் தயார். சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம் எல்லாம் அதிலேயே இருக்கும். சமையல் உப்பைப் போட்டால் எல்லாம் சாகும்.

திருப்பதி வெயிலில் பவளம் வளர்ப்பது லேசான வேலை இல்லை. கோடையில் தொட்டிக்கு மேலே ஒரு ஃபேன், உள்ளே ஐஸ் போட்ட பாட்டில். எங்களுக்கு ஃபேன் இருந்ததோ இல்லையோ, அதற்கு இருந்தது. "அடுத்த ஜென்மத்துல நான் உன் தொட்டில பொறக்கறேன்" என்பார் என் வீட்டுக்காரர். மூன்று கோடை தாண்டியது. ஊதா விசிறிப் பவளங்கள் விரிந்தன. பொத்தான் பொத்தானாகப் பச்சைப் பவளம் பாறையை மூடியது. எல்லாவற்றுக்கும் நடுவில் என் ராணி, தீவட்டி. நான் வைத்த பெயர் அது. பச்சைக் கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் தங்கப் பொட்டு. வாங்கியபோது ஒரே தலை. தலை மெல்ல இரண்டாகும், பிறகு நான்காகும். காலேஜில் எவ்வளவு கத்திவிட்டு வந்தாலும் அதன் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு சீராகிவிடும். குழந்தை இல்லாத வீடு எங்களுடையது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கையைச் சித்தூரில் கொடுத்திருந்தோம். அவள் புருஷனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வாரக் கடைசியில் வருவார். வீட்டில் அவளும் மாமியாரும். என் தொட்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வெச்சிக் குடுக்கா, பொழுதே போவலே" என்றாள். கேட்க வேண்டுமா? நானே போய்ப் பாறை அடுக்கி, மோட்டார் மாட்டி, தண்ணீர் பவளம் தாங்கும்படி பழகும்வரை வாரா வாரம் ஓடினேன். பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தன்னிடம் இருப்பதில் அருமையானதை வெட்டி நம்பிக்கையான ஒருவரிடம் வளரக் கொடுப்பார்கள். என்னுடையது செத்தால் உன்னிடமிருந்து ஒரு துண்டு எனக்கு, உன்னுடையது செத்தால் என்னிடமிருந்து உனக்கு. உறைமோர் மாதிரிதான். இரும்பறுக்கும் பிளேடால் தீவட்டியின் எலும்பை அறுத்து ஒரு தலையை எடுத்தேன். அறுக்கும்போது எனக்கே வலித்தது. "பத்திரமா வெச்சிக்கடி" என்று அவள் கையில் கொடுத்தேன்.

"உன்னுது என்கிட்ட கீதுன்னு நெனச்சிக்கினு நிம்மதியா தூங்கு" என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் போன். இங்கே என் மோட்டார் ரீங்காரம், அங்கே அவளுடையது. தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சத்தம் ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் விழும்.

அந்த ஏப்ரலில் இன்டர் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. காலையில் நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கிறது. இன்வெர்ட்டர் முடிந்தவரை இழுத்துவிட்டு உயிரை விட்டிருக்கிறது. வீடு பூட்டு; என் வீட்டுக்காரர் கடையில். சாயங்காலம் நான் வந்தபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது, மோட்டார் ஓடியது. ஆனால் கதவைத் திறந்ததுமே நாற்றம். தண்ணீர் கலங்கிப் பால் போட்ட மாதிரி இருந்தது. மீன்கள் மிதந்தன. விசிறிகள் சுருண்டுவிட்டன. தீவட்டிக்கு மட்டும் உயிர் இருந்தது. சில தலைகள் உள்ளே இழுத்துக்கொண்டு, தொட்டால் அசைந்தன.

உடனே தண்ணீரை மாற்றினால் பிழைக்கும். சுத்தமான தண்ணீர் டிரம் நிறைய இருந்தது. உப்புதான் இல்லை. என்னிடமிருந்த பிரிக்காத உப்பு வாளியைப் போன மாதம்தான் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். எனக்கு வர வேண்டியது இன்னும் பார்சலில் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "உப்புதானே, நான் தரேன்" என்று கல்லுப்பு டப்பாவோடு வந்துவிட்டார். பாவம், நல்ல மனசு. நான் தங்கைக்கு போன் போட்டேன்.

"உப்பு வாளிய எடுத்து வையிடி, மாமா வண்டில கெளம்பறாரு. இல்லன்னா ஒண்ணு பண்றேன், உசுரோட கீறத பக்கெட்டுல எடுத்துக்கினு நானும் வரேன், உன் தொட்டில போட்டுடலாம்."

அவள் சொன்னாள்: "அக்கா... விளக்கு வெச்சாச்சேக்கா. வெள்ளிக்கெழம வேற. உப்பு எப்டிக்கா குடுப்பேன்? அத்த ஒத்துக்க மாட்டாங்க."

"அடிப்பாவி, இது சோத்துல போடற உப்பாடி?"

"எதுவானாலும் உப்பு உப்புதானேக்கா. பக்கெட்டுல எடுத்துக்கினு வராதே, வழில குலுங்கியே செத்துடும். காலைல மொத வேலயா வாங்கிக்க."

அவள் பின்னால் மோட்டார் சத்தம் இல்லை. என் அவசரத்திலும் அது காதில் விழுந்தது. "உன் மோட்டார் ஓடுதாடி?" என்று கேட்டேன். "ஓடுதுக்கா, நான் மாடில கீறேன்" என்றாள்.

மாமியார் வீட்டில் வாழ்கிறவள், அவளுக்கு என்ன கஷ்டமோ என்று நான்தான் இரக்கப்பட்டேன். "கொளத்தூருக்கு விடட்டுமா? கடைக்காரருக்கு போன் பண்ணா தெறந்து குடுப்பாரு" என்று வண்டிச் சாவியோடு நின்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம், விடிந்தால் சித்தூரில் கிடைக்கிறது என்று நானே அவரை உட்கார வைத்தேன்.

விடிந்தபோது தீவட்டியின் சதை கரைந்து, வெறும் எலும்பு வெள்ளையாக நின்றது. இனி உப்பு வேண்டாம் என்று சொல்லத்தான் போன் செய்தேன். அவள் அழுதாள். நான் அழுததைவிட அதிகமாக அழுதாள். "கவலப்படாதக்கா, உன் தீவட்டி என்கிட்ட பத்திரமா கீது" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் செத்த பாறைகளைக் கழுவினேன், மறுபடி தண்ணீர் நிரப்பினேன். புதுத் தண்ணீர் பழகியதும் போய் ஒரு தலை கேட்கலாம் என்று இருந்தேன்.

கேட்குமுன் அவர்களுக்கு அமெரிக்கா விசா வந்துவிட்டது. வழியனுப்ப அம்மாவோடு நாங்கள் சித்தூர் போனோம். கூடத்தில் தொட்டி இருந்த இடம் காலி. சுவரில் உப்புக் கறை மட்டும் இருந்தது. தங்கை எதையோ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் மாமியார் காபி கொண்டுவந்து கொடுத்தார். தொட்டி எங்கே என்று கேட்டேன்.

"அதுவா, அத வித்தாச்சேம்மா. விசா வரும்னு தெரிஞ்சதுமே பல் டாக்டர் ஒருத்தர் வந்து பேசிட்டாரு. உன் தொட்டி வெள்ளிக்கெழம போச்சின்னு அழுதியே, அதுக்கு மொத நாளு, வியாழக்கெழம ஏத்திக்கினு போனாங்க. நடுவுல பச்சையா ஒண்ணு கீதே, அது இருந்தாதான் வேணும்னாங்களாம். உப்பு வாளி கூட உடலே, அதயும் எடுத்துக்கினு போயிட்டாங்க."

என் வாய் தானாகக் கேட்டது: "நீங்க விளக்கு வெச்சப்பறம் உப்பு குடுக்க மாட்டீங்களா அத்த?"

"எங்க வூட்ல அதெல்லாம் பாக்கறதே இல்லியேம்மா. அவசரத்துக்குக் கேக்கறவங்களுக்கு இல்லைன்னா சொல்லுவாங்க?"

காபியைக் கீழே வைத்தேன். விற்றதைக்கூட நான் மன்னித்திருப்பேன். ஊரை விட்டுப் போகிறவள், கேட்க வாய் வராமல் விற்றிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் வாயிலிருந்து "உப்பு இல்லைக்கா" என்று ஒரு சொல் வந்திருந்தால் என் வீட்டுக்காரர் அந்த நேரமே கொளத்தூருக்கு வண்டியை எடுத்திருப்பார். தீவட்டி பிழைத்திருக்கும். தன் மானம் போகக் கூடாது என்று என்னைக் காலைவரை காக்க வைத்தாளே. அதுவும் எதைச் சொல்லி? ஆயுசு முழுக்க எதைக் கிண்டல் செய்தாளோ அதைச் சொல்லி. கூடப் பிறந்தவள் கழுத்தை அறுத்தால் வெளியில் சொல்லவும் முடிவதில்லை.

தங்கை வந்தாள். காலி இடத்தையும் என்னையும் பார்த்தாள். "நேத்துதான்க்கா எடுத்துக்கினு போனாங்க. உன் தீவட்டி மட்டும் போன வாரமே செத்துப்போச்சி. நீ தாங்க மாட்டியேன்னு சொல்லலே" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. உள்ளே மாமியார் மாவடு ஊறுகாயை பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிற வீட்டில், அம்மா ஒரு மூலையில் அழுதுகொண்டிருக்க, நான் என்ன கேட்பேன்? அவள் பெட்டி மூடவில்லை என்று நான்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கைத் தேடிப் போனேன். பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் என் தீவட்டி உயிரோடு, விரிந்து, இரண்டு தலையாக நின்றது. கிட்டே போனதும் ரிசப்ஷன் பெண், "மேடம், கண்ணாடியத் தொடாதீங்க" என்றாள். பேசாமல் வந்து உட்கார்ந்தேன். என் பொருளை இன்னொருவரிடம் என்ன உரிமையில் கேட்பது? டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்து, சொத்தை நிஜமாகவே இருக்கிறது என்றார். போன காரியத்துக்கு அதுதான் மிச்சம்.

நானும் வேறு பவளங்களை வாங்கித் தொட்டியைத் தேற்றினேன். தீவட்டி மட்டும் வாங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து தங்கை வாரா வாரம் பேசுவாள். அங்கே பனி, கார், வேலை, கடைசியில் அவளுக்கும் ஒரு தொட்டி. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவளே ஒருநாள் சொல்லுவாள் என்று இருந்தேன்.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம், மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், போன். அங்கே அவளுக்கு விடிகாலை. பனிப்புயலில் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லையாம். மோட்டார் நின்று, தொட்டி ஜில்லிட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, எல்லாம் சுருங்கிக்கினே போவுது. இங்கயும் ஒரு தீவட்டி வாங்கி வெச்சிருந்தேன்க்கா, அதே மாதிரி, தங்கப் பொட்டு வெச்சது. இன்னா பண்றது சொல்லுக்கா" என்று அலறினாள்.

ஒரு கணம் அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விளக்கு வெச்சாச்சிடி, காலைல கேளு. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாயில்லா ஜீவன் எனக்கு என்ன செய்தது?

எல்லாம் சொன்னேன். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்து. காஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து பாட்டிலில் அடைத்து மிதக்க விடு. குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்று, காற்று கலக்கும், கை வலித்தாலும் நிறுத்தாதே. தீனி போடாதே. அவள் ஊற்ற ஊற்ற எனக்குச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "தங்கப் பொட்டு வெளிய வருதுக்கா" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "நீ இல்லன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

"இங்க விளக்கு வெச்சாச்சிடி" என்றேன். "வெச்சப்பறமும் கேட்டதெல்லாம் குடுத்துட்டேன் பாரு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. நான் போனை வைக்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், அத்தனையையும் அங்கேயே விட்டுவிடலாம் என்று நின்றேன்.

"அக்கா, கரண்ட் வந்திடுச்சி. வெச்சிடறேன்" என்றாள்.

கரண்ட் வந்தால் மோட்டார் ஓட வேண்டும். அவள் வைப்பதற்குள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.