பெட்ரோல் மணக்கிறது என்றாள் கிளாரா

இனயம் கடற்கரையைச் சேர்ந்த ததேயுவுக்கு மணம் தெரியாது. குவைத்தில் பதினான்கு வருடம், அடைத்த கொட்டகைக்குள் கார்களுக்குப் பெயின்ட் அடித்ததில் மூக்கு போயிற்று. அதை ஒரு குறையாக அவன் நினைத்ததில்லை. ஊருக்குத் திரும்பிப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். மீன்காரிகள் கூடையோடு ஏறினாலும் முகம் சுளிக்காத டிரைவர் என்று பெயர் எடுத்தான்.

2011-இல் அவன் மனைவி கிளாராவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவள் உடம்பில் தெம்பில்லை. அந்தக் கார் ஓடினால் அவள் இருப்பாள். விஷயம் அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கியபோது கார் குலுங்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். கருங்கல் தாண்டி எஞ்சின் சூடேறியதும் கெட்டுவிடும். தக்கலை நெரிசலில் நின்றால் வண்டி முழுக்க நடுங்கும். மிதித்தால் இழுக்காமல் இருமும்.

ததேயு தானே பார்த்தான். பிளக் நான்கையும் மாற்றினான், வயர்களை மாற்றினான். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தான். எதைக் கழற்றினாலும் ஓட்டம் ஒரே அளவு தளர்ந்தது. அப்படியானால் கோளாறு ஒரு சிலிண்டரில் இல்லை. நான்குக்கும் பொதுவான காற்றிலோ பெட்ரோலிலோ இருக்கிறது. காற்று போகும் வழியைத் துடைத்தான். வடிகட்டியை மாற்றினான். குலுக்கல் நிற்கவில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடி வள்ளங்களுக்கான சாமான் கடை வைத்திருந்த அல்போன்ஸ் அவனுடைய பழைய கூட்டாளி. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“ஏலே ததேயு, இது காறா வள்ளமாலே? இந்த ஆட்டம் ஆடுகு!”

“சிரி மக்கா. நாளைக்கு அவளக் கொண்டுபோவணும். வழியில நின்னா நீயா சுமப்ப?”



கிளாரா முதல் வாரமே சொன்னாள். “பெட்ரோல் மணம் அடிக்கு, கேட்டியளா?”

“அல்போன்ஸுக்க கடையில நின்னுட்டு வந்தேம்லா. சட்டையில பட்டிருக்கும்.”

மறுமுறையும் சொன்னாள்.

“உனக்க தீனத்துக்க மணமாக்கும் அது. சோறு இரும்பு கணக்கா இருக்குன்னு நீதானட்டி சொன்ன?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரத்தத்தில் கழிவு தேங்கியவர்களுக்கு வாய் கசக்கும், இல்லாத மணமெல்லாம் வரும், முற்றினால் கை தானாகத் துள்ளும் என்று டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஜெபகுமாரியே அவனிடம் சொல்லியிருந்தாள். கிளாரா வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கருங்கல் ஏற்றத்தில் கார் ஏறவே இல்லை. வழியில் போனவர்கள் தள்ளித் திருப்பிவிட, வீடு வந்தார்கள். அந்த முறை டயாலிசிஸ் தவறியது. கிளாராவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

அடுத்த முறை வில்லுக்குறி வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே கிளாரா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

“நிறுத்துங்க. நான் இறங்கி நடக்கேன்.”

“நடக்கப்பட்ட காலா அது?”

“தலை சுத்துகு. பெட்ரோலுக்குள்ள இருக்கிய மாதிரி இருக்கு. நிறுத்துங்கன்னு சொன்னேன்.”

நிறுத்தினான். அவள் அலறிய அலறலில் எஞ்சினை அணைக்க மறந்து பானெட்டைத் தூக்கினான். இதுவரை சூடான எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிறகே அவன் குழாய்களைப் பார்த்திருக்கிறான். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். இப்போது கண்ணால் கண்டான். பெட்ரோல் குழாயின் கிளிப்புக்கு அடியிலிருந்து சாம்பிராணிப் புகைபோல மெல்லிய தூவல் கிளம்பிக் கொதிக்கும் சைலன்சர் குழாயின் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். கிளாராவை இரண்டு கையாலும் தூக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தான். 

அந்தக் குழாயை மாற்றியவன் அவன்தான். மழைக்காலத்துக்குச் சற்று முன் பழையது வெடிப்பு விட்டிருந்தது. கடற்கரையில் எது கிழிந்தாலும் வள்ளத்துச் சாமானைத்தான் வைப்பார்கள், கிணற்று மோட்டாருக்கும் கோயில் ஜெனரேட்டருக்கும்கூட. அவனும் அல்போன்ஸ் கடையிலிருந்து வள்ள எஞ்சின் குழாய் ஒரு முழம் வெட்டி மாட்டினான். வள்ளத்தில் எண்ணெய் மெதுவாக ஊர்ந்து போகும். அதற்கு அந்த ரப்பர் தாங்கும். இன்ஜெக்‌ஷன் காரில் பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. சூட்டில் ரப்பர் இளகிக் கசிந்தது. அழுத்தம் குறைந்ததால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அதனால்தான் குலுக்கல். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் தன் கை பட்ட இடத்தைச் சந்தேகப்படவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் நாகர்கோவிலில் சரியான குழாயும் கிளிப்பும் வாங்கி மாட்டினான். தக்கலையில் நின்றால் எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை.

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் வில்லுக்குறி தாண்டியதும் கிளாரா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

அவன் கேட்கவில்லை. உடனே ஓரம் கட்டி, எஞ்சின் ஓட ஓட பானெட்டைத் திறந்தான். வெள்ளைத் துணியால் குழாய் முழுவதும் துடைத்தான். துணி காய்ந்தே வந்தது. இளநீர் விற்ற பெண்ணைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னான்.

“ஒண்ணும் மணக்கல்லியே அண்ணே.”

கிளாராவிடம் வந்தான். “பெட்ரோலாட்டி?”

“இல்ல. என்னமோ கரியுது. ரெண்டு நாளா வீட்டிலயும் உண்டு.”

“வீட்டில வச்சே சொல்லப்பிடாதா?”

“சொன்னா தீனத்துக்க மணம்னு சொல்லுவிய.”

மடியில் கிடந்த அவள் வலது கை தானாக ஒருமுறை துள்ளியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். பானெட்டை அடித்து மூடிவிட்டு ஏறினான்.

கார் மிதித்த மிதிக்கெல்லாம் ஓடியது. நாகர்கோவில் வரை ஒரு குலுக்கல் இல்லை. பக்கத்து இருக்கையில் அந்தக் கை மட்டும் துள்ளித் துள்ளி அடங்கியது. ஊர் எல்லையில் பார்வதிபுரம் வந்தபோது இடது கையும் தொடங்கியிருந்தது.