வீடு கிடைத்த மகள்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். வாவிக்கரையில் இருக்கும் தன் வீட்டை அம்மா எனக்குச் சீதனமாக எழுதினார். அண்ணன் கரடியனாற்றில் பெண்ணெடுத்து அங்கேயே வயல் செய்கிறார். ஆகவே அம்மா பாரிசவாதம் வந்து விழுந்தபோது யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டோடு அம்மாவும் சேர்த்துத்தான் என்று என் மனதிலும் இருந்தது.

அவருக்கு வலப்பக்கம் முழுவதும் இயங்காமல் போயிற்று. பேச்சில் நாலைந்து சொல்தான் மிஞ்சியது. என் கணவருக்குக் கட்டாரில் வேலை. குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது, மருந்து, சோறு ஊட்டுவது, பம்பர்ஸ் மாற்றுவது என்று ஒரு வருடத்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். பார்க்க வருகிறவர்கள், "பொம்புளப் புள்ளயெண்டா இப்பிடி இரிக்கணும்" என்பார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது, மறைத்து என்ன. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "கொஞ்ச நேரம் நான் இரிக்கன், நீ போய்ப் படுகா" என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு ஏலாது என்று நினைக்கிறாளாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். களைத்தால் படுக்கவேண்டும், ஏலாவிட்டால் ஏலாது என்று சொல்லவேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் ஒரு சட்டித் தயிரோடு வருவார். பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் குந்துவார். "நான் என்னவும் செய்யட்டா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஆம்புளைக்கு இதெல்லாம் ஏலுமா அண்ணன், நீங்க குந்துங்க" என்று தேத்தண்ணி கொடுப்பேன். அவர் போன பிறகு, பெற்ற மகன் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார் என்று திட்டிக்கொண்டே பாத்திரங்களைப் போட்டு அடிப்பேன். நியாயமா என்று கேட்டால், இல்லை.

போகப்போக என் தலையே எனக்குச் சரியாக இல்லை. உப்புப் போட்ட கறிக்கே திரும்பவும் உப்புப் போட்டேன். நாள்கணக்கில் தலை சீவவில்லை. அம்மா அறைக்குள்ளிருந்து முனகினால், கேட்காதவள் மாதிரிக் கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சொதி விட்டுக் குழைத்த சோற்றை அவர் விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். "விழுங்குங்கம்மா" என்றேன். துப்பினார். மறுபடி ஊட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். நான் அவருடைய கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்து நசித்து, வாயைத் திறக்க வைத்துச் சோற்றைத் திணித்தேன். புரைக்கேறிவிட்டது. இருமி இருமி அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவினேன். சும்மா நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பயம் வருகிறது.

அடுத்த நாள் அண்ணன் வந்தார். என் விரல் பதிந்த இடம் அம்மாவின் கன்னத்தில் கன்றிப்போய் இருந்தது.

"இதென்ன?" என்றார்.

"நான்தான், அண்ணன். சோறு திங்கல்லயெண்டு நசிச்சிப்போட்டன்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர் தயிர்ச் சட்டியை நிலத்தில் வைத்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"பம்பர்ஸ் எங்க இரிக்கு? எடுத்துத் தந்திட்டு நீ வெளிக்கிடு. பொழுதுபட முந்தி இஞ்ச வரப்படா."

"அம்மாக்கு வெக்கமா இரிக்கும் அண்ணன். மகன் எப்பிடி..."

"என்னை அவதானே கழுவி வளத்த. அவட்டயே கேளு."

அம்மாவைப் பார்த்தேன். "போ" என்றார்.

குருக்கள்மடம் ஊரில் இருக்கும், என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் பாய் விரித்தாள். அடித்துப்போட்டது போல் பின்னேரம் வரை தூங்கினேன். திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அண்ணனுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்கிறது, இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா குளித்து, பவுடர் பூசி, கோணல்மாணலாகப் பின்னிய தலையோடு சாய்ந்திருந்தார். தயிர்ச்சோறு ஒரு கோப்பை முழுக்கச் சாப்பிட்டாராம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. "இனி ஞாயிறெல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

அம்மாவின் வாயோரத்தில் கொஞ்சம் தயிர் ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கையை நீட்டினேன். அவர் கண்ணை இறுக மூடி, இடக்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

களைத்தது நான், ஓய்வு எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கும் என்னிடமிருந்து ஒரு நாள் ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் நிலத்தில் உட்கார்ந்தேன். அவர் தன் கையை முகத்திலிருந்து எடுக்கும் வரைக்கும் நான் அசையவில்லை.