இரண்டு பேர் பார்த்த புகை

ஆர்ச்சி டெல்ஃபரைச் சீண்டிப் பார்ப்பதற்குப் பெரிய மெனக்கெடல் எதுவும் தேவையில்லை. சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி, மலையில் புகை தெரிகிறதே என்று சொன்னால் போதும். கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்துவிடுவான். செருப்பா பூட்ஸா என்றுகூடப் பார்க்க மாட்டான். எழுபது வயதிலும் அப்படித்தான். ஏறிப்போய்ப் பார்த்தால் அது புகையாகவே இருக்காது, கிழிந்த மேகமாக இருக்கும். சந்தைக்கு வந்த வாலிபர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவர்களெல்லாம் பின்னால் வந்தவர்கள். பள்ளத்தாக்கின் பழைய ஆட்கள் ஒருவரும் அதற்குச் சிரித்ததில்லை.

ஆர்ச்சி சீவியட் மலையில் ஆடு மேய்த்தவன். ஓடையைப் பிடித்து மேலே போனால் கடைசி வீடு அவனுடையது. மேய்த்த ஆடுகளில் ஒன்றுகூட அவனுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்வான். மனைவி இஷ்பெல். பிள்ளைகள் இல்லை. குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், வேலைக்கு அஞ்ச மாட்டான். ஒரே குறை வீம்பு. அந்த ஒன்று போதாதா, மற்ற நல்ல குணங்களையெல்லாம் தின்று தீர்க்க?

மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் நெட் ராப்சன் இருந்தான். பிரபுவின் வேட்டைக்காட்டுக் காவல்காரன். ஆர்ச்சிக்கு ஆடு எப்படியோ, நெட்டுக்குக் காட்டுக்கோழி அப்படி. முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் ஹெதர் புதரை மார்ச் மாதத்தில் கொளுத்திவிட்டால்தான் இளந்தளிர் வரும், ஆடு மேயும். முற்றிய புதர் இருந்தால்தான் கோழி முட்டையிடும். இதனால் மேய்ப்பனுக்கும் காவல்காரனுக்கும் எந்தக் காலத்திலும் கொஞ்சம் இழுபறிதான். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் மீறியதில்லை. நாளைக்கு எரிக்கப்போகிறவன் இன்றைக்கே முகடு தாண்டி நடந்துபோய் அடுத்தவனிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன புகை என்றால் பேசாமல் இருக்கலாம். சொல்லாத புகை என்றால் ஏதோ கைமீறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். வேண்டியவனோ வேண்டாதவனோ, தீயடிக்கும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அடித்து அணைக்க வேண்டும்.

போர் நடந்துகொண்டிருந்த ஒரு மார்ச்சில் ஆர்ச்சி வைத்த தீ காற்று திரும்பியதால் நெட்டின் பக்கம் புகுந்து நல்ல புதரையெல்லாம் கருக்கிவிட்டது. சந்தையில் பத்துப் பேர் முன்னால், ஆட்டுக்காரனுக்கெல்லாம் எதற்குத் தீப்பெட்டி என்று நெட் கேட்டான். கோழிக்குத் தாலாட்டுப் பாடுகிறவன் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று ஆர்ச்சி திருப்பிக் கொடுத்தான். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. பேச்சு நின்றதும் சொல்லிவிட்டு எரிக்கிற வழக்கமும் நின்றது. அடுத்த வருஷம் அவனவன் இஷ்டத்துக்குக் கொளுத்தினான். மலையில் புகை தெரிந்தால் இருவருக்கும் அதில் மற்றவனுடைய திமிர் மட்டும்தான் தெரிந்தது.

அதற்கும் அடுத்த வருஷம், 1944. கடற்கரைப் பக்கத்து விமானத்தளத்திலிருந்து பையன்கள் ராப்பகலாகப் பறந்து பழகிக்கொண்டிருந்த சமயம். எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமல், மூடுபனியில் வழி தவறி, இந்த மலைகளில் மோதிச் செத்த பையன்கள் அந்த வருஷங்களில் நிறையப் பேர். அந்த வாரமும் பனி கனமாக இறங்கியிருந்தது. ஓடை பெருக்கெடுத்து இரைந்ததில் வேறெந்தச் சத்தமும் காதில் விழவில்லை. ஒரு குண்டுவீச்சு விமானம் திரும்பவில்லை என்று தளத்தில் கண்டுகொண்டார்கள். ஆனால் கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்துக் கடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பனி விலகிய காலையில் முகட்டுக்கு மேலே புகை எழுந்தது. இஷ்பெல்தான் முதலில் பார்த்தாள்.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வாயேன், ஆர்ச்சி."

"எதுக்கு? அவன் காட்டை அவன் எரிக்கிறான். வாயத் தொறந்து சொல்ல வலிக்குதுல்ல, அவனே அணைச்சுக்கட்டும்."

"புகை கருப்பா இருக்கே."

"எதையாவது குப்பையப் போட்டுக் கொளுத்தியிருப்பான். அவன் புத்திக்கு அதான் வரும்."

ஹெதர் எரிந்தால் வெள்ளையாகத்தான் புகையும். இது அவனுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக மலையை எரித்தவன். கண்ணுக்குத் தெரிந்ததை வீம்பு மறைத்தது என்று சொன்னால்கூடப் பொய்யாகிவிடும். கண்டான், யோசித்தான், ஜன்னலை விட்டுத் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளும் புகை வந்தது, கொஞ்சம் சன்னமாக. நீ போகாவிட்டால் நான் போகிறேன் என்று இஷ்பெல் பூட்ஸை எடுத்தாள். நெட் ராப்சன் முன்னால் போய்ப் பல்லைக் காட்டப்போகிறாயா என்று அவன் கத்தினான். ஆடுகள் முதல் குட்டிகளைப் போட்டிருந்த நேரம்; நோஞ்சான் குட்டி ஒன்று அடுப்போரமாகக் கிடந்தது. அதற்குப் பால் புகட்ட ஆள் வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் பூட்ஸைக் கீழே வைத்தாள். சாகும்வரை அந்தக் குட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மூன்றாம் நாள் காலையில் புகை ஒரு நூலாக மட்டும் நின்றது. அதுவும் சினையாடுகள் ஒதுங்கும் சரிவுக்கு நேர் மேலே. ஆர்ச்சிக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தடியை எடுத்துக்கொண்டு ஏறினான்.

முகட்டில் கால் வைத்ததும், எதிர்ச்சரிவில் நெட் வருவதைப் பார்த்தான். அவன் கையிலும் தடி இருந்தது. அவன் முகத்திலும் அதே கோபம். இரண்டு பேருக்கும் நடுவில், கருகிய புதரில், இறக்கை ஒடிந்த விமானம் கிடந்தது.

உள்ளே இருந்தவர்கள் மோதிய நொடியிலேயே போயிருந்தார்கள். ஒருவன் மட்டும் வெளியே, பாறை மறைவில் கிடந்தான். விமானத்தின் வால்பக்கத்தில் உட்காரும் துப்பாக்கிக்காரன். இரண்டு காலும் முறிந்து, முழங்கையால் ஊர்ந்து வந்த தடம் தெரிந்தது. கைக்கு எட்டிய கற்களை வட்டமாக அடுக்கி நடுவில் தீ மூட்டியிருந்தான். விமானச் சக்கரத்தின் ரப்பர், பாராசூட் துணி, வரைபடம், கடைசியில் தன்னுடைய தொப்பி வரைக்கும் போட்டு எரித்திருந்தான். சாம்பல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஆர்ச்சி மண்டியிட்டு அவன் சட்டைக்குள் கையை விட்டான்.

"அக்குள்ல இன்னும் சூடு இருக்கு," என்றான்.

"உசுரு?"

இல்லை என்று ஆர்ச்சி தலையை ஆட்டினான். நெட் தடியைக் கீழே போட்டான். போட்ட சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது.

"நீ எரிக்கிறேன்னு நெனச்சேன்," என்றான் நெட்.

"நீன்னுதான் நானும் நெனச்சேன். எத்தனை நாளாப் பாத்த?"

"நீ பாத்த அத்தனை நாளும்."

அடித்துக்கொள்ள வந்த இருவரும் அந்தப் பையனின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஊர்ந்து வந்ததில் நகங்களெல்லாம் பெயர்ந்திருந்தன. ஆர்ச்சி அழுதான். தன் தாய் செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, முன்னமே புகை ஏதும் தெரிந்ததா என்று கேட்டார். மூடுபனி ஐயா, ஒன்றும் தெரியவில்லை என்றான் நெட். பொய் சொல்லாத ஆர்ச்சி பேசாமல் நின்றான். பொய்யில் அது எந்த ரகம் என்று பிற்பாடு பல வருஷம் யோசித்தான். அதிகாரி இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் இருவர் பெயரையும் சொல்லிப் பாராட்டினார். இஷ்பெல் அன்று தேவாலயத்துக்கு வரவில்லை.

அடுத்த மார்ச்சிலிருந்து பழைய வழக்கம் திரும்பியது. ஆர்ச்சி நடந்துபோய் நெட்டின் வாசலில் நின்று, நாளைக்கு வடக்குச் சரிவு என்பான். நெட் சரி என்பான். உட்காரச் சொல்லவும் மாட்டான், இவன் உட்காரவும் மாட்டான்.

போர் முடிந்து இரண்டாவது கோடையில், கனடாவிலிருந்து அந்தப் பையனின் தாய் வந்தாள். திருமதி லிண்டல். கோதுமை விளையும் சமவெளிக்காரி, மலையைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மகன் பெயர் ஆர்வில் என்று அவள் சொல்லித்தான் இருவருக்கும் தெரிந்தது. கண்டெடுத்த இரண்டு பேரும் தன்னோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். எல்லாரும் மோதிய நொடியிலேயே போய்விட்டார்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம்.

பாறை மறைவில் அந்தக் கல்வட்டம் அப்படியே இருந்தது. அவள் குனிந்து கரி படிந்த கல் ஒன்றைத் தொட்டாள்.

"இங்க யாரு தீ மூட்டுனது?"

நெட் ஆர்ச்சியைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆர்ச்சி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"நாங்கதாம்மா," என்றான். "ஆடு மேய்க்கிறப்ப, குளிருக்கு."

அவள் வட்டத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீங்கல்லாம் பக்கத்துலதான் இருந்திருக்கீங்க. ஆளே இல்லாத காட்டுல கெடந்தானேன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் எனக்குத் தூக்கம் வரல. கூப்பிடுற தூரத்துல மனுசங்க இருந்தாங்கங்கறதே போதும்பா."

இறங்கும்போது அவளுக்குக் கால் நிதானப்படவில்லை. ஒரு கையை ஆர்ச்சி பிடித்துக்கொண்டான், மறுகையை நெட் பிடித்துக்கொண்டான். செங்குத்தான இடங்களில் இருவரும் கைகோத்து, அவளை நடுவில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடத் தடுமாறாமல், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவளைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இஷ்பெல் வாசலில் நின்று மூவரும் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று அவள் கேட்டாள். ஒருத்தரைக் கீழே கொண்டுவர இவ்வளவு நேரம்தான் ஆகுமா என்று.