மலையில நட்டிருந்த சிவப்புத் தடிகள்

சுடச்சுடப் பாண் வாசம்...

நிலத்துக்குக் கீழ ஒரு பேக்கரி. ரோட்டு மட்டத்தில இருக்கிற யன்னலடியில குனிஞ்சு காசைக் குடுத்தா, தோணி மாதிரி நீட்டுப் பாண் ஒண்டை ஒரு மனிசி எடுத்துத் தருவா. கையில பிடிக்கேலாத சூடு. நானும் ரிஸ்வானாவும் ரோட்டோரத்தில நிண்டு, கொண்டுபோன கட்டைச்சம்பலைப் பூசித் திண்டனாங்கள். மூக்கு குளிரில விறைக்குது, நாக்கு உறைப்பில எரியுது.

ஜோர்ஜியா நாட்டின்ர திபிலீசி நகரம் அது. அப்ப நாங்கள் ரெண்டு பேரும் கட்டாரில ஒரு ஹோட்டலில வேலை, ஒரே ரூம். கட்டார் ஐடி இருந்தா ஜோர்ஜியாவுக்குப் போறது லேசு எண்டு ஆரோ சொல்ல, கிடைச்ச லீவில பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாச்சு. பாஷை தெரியாது. எழுத்தைப் பார்த்தா ஜிலேபி பிழிஞ்சு விட்ட மாதிரி.

எனக்கு எல்லாத்தையும் பார்க்கோணும். மெற்றோ ரெயின் பிடிக்க எஸ்கலேட்டரில இறங்கினா, அது போய்க்கொண்டே இருக்கு... சனம் அதில நிண்டபடி புத்தகம் வாசிக்குது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டனான். ஒட்டுசுட்டானில வளந்தவளுக்கு நிலத்துக்குக் கீழ போறது எண்டா சண்டைக்காலப் பங்கர்தான் தெரியும்.

அடுத்த நாள் ஒரு வானில மலைக்கிராமம் ஒண்டுக்குப் போனனாங்கள். வழியில சேர்ச் வாற இடமெல்லாம் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டிட்டுச் சிலுவை போடுறார். பக்கத்தில இருந்த ரிஸ்வானா "அல்லாட காவல்" எண்டு முணுமுணுக்கிறாள். ரெண்டு பேரின்ர புண்ணியத்தில போய்ச் சேர்ந்தம்.

கல்லு வீடுகள், மேல ஒரு சின்னச் சேர்ச். அந்த மலைக்கு அங்கால என்ன இருக்கும் எண்டு எனக்கு ஆசை பிடிச்சிட்டுது. புல்லுக்குள்ளால ஏறத் தொடங்கினம். ரிஸ்வானா போட்டோ எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போயிட்டாள்.

அப்பதான் கண்டனான்.

புல்லுக்குள்ள தடிகள். இடைவெளி விட்டு, வரிசையா. நுனியில சிவப்புப் பெயின்ற்.

கட்டாருக்குப் போக முதல் நான் செய்த வேலை என்ன எண்டு என்னைத் தெரிஞ்ச பழைய ஆக்களுக்குத் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை. சிவப்புத் தடிக்கு அங்கால வெடி இருக்கா எண்டு இன்னும் பார்க்காத நிலம். அதைத் தாண்டினா... சொல்லத் தேவையில்லை. அந்த நாட்டிலயும் சண்டை நடந்தது எண்டு ஆரோ சொன்னது வேற காதில கிடந்தது.

ரிஸ்வானா தடியைத் தாண்டி நல்ல தூரம் போயிட்டாள். அவளின்ர வாப்பாவுக்கு ஊர் முல்லைத்தீவுதான். ஆனா சண்டைக் காலத்தில முஸ்லிம் ஆக்கள் எண்டு ஊரை விட்டுப் போகவைச்ச குடும்பம். அவள் பிறந்து வளந்தது புத்தளத்தில. தடியைக் கண்டா நிக்கோணும் எண்டு அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?

"ரிஸ்வானா, நில். அசையாத."

"என்ன அக்கா, பாம்பா?"

"கீழ பார். வந்த காலடி தெரியுதா? அதுக்கு மேலயே கால் வைச்சுத் திரும்பி வா. வேற எங்கயும் வைக்காத."

என்ர குரலைக் கேட்டு அவளின்ர முகம் வெளிறிப் போச்சு. நான் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. அவளின்ர உம்மாவுக்கு என்ன சொல்லுவன்...

அந்த நேரம் பார்த்து ஒரு மனுசன் மாடுகளைச் சாய்ச்சுக்கொண்டு தடிகளுக்குப் பக்கத்தால வாறான். மாடு போகுது எண்டு எனக்கு நிம்மதி வரேல்ல. எங்கட பக்கம் மாடும்தானே செத்தது.

அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். நான் தடியைக் காட்டிக் கையை ஆட்டினன். அவன் யோசிச்சிட்டு, கையைத் தலைக்கு மேல தூக்கி, இவ்வளவு உயரம் எண்டு காட்டினான். குளிரில நடுங்கிற மாதிரி நடிச்சான். பிறகு தடி தடியாத் தொட்டுச் சேர்ச் வரைக்கும் விரலை நீட்டினான்.

"அக்கா... ஸ்னோவைச் சொல்றார். ஸ்னோ மூடினா பாதை தெரியாதாம். இந்தத் தடியைப் பிடிச்சுத்தான் போறதாம்."

எங்கட ஊரில தடியைக் கண்டா விலத்தோணும். அங்க தடியோட ஒட்டிப் போகோணும். மண்டைக்கு விளங்கிட்டுது, காலுக்கு விளங்கேல்ல. கடைசியில ரிஸ்வானா இறங்கி வந்து கையைப் பிடிச்சாள்.

"நான் முன்னுக்குப் போறன். என்ட காலடியில வைங்க அக்கா."

அப்பிடியே ஏறினம். மலைக்கு அங்கால இன்னொரு மலை. அவ்வளவுதான். ஆனாலும் அவ்வளவு வடிவு.

மேல இருந்து மூச்சு வாங்கேக்க அவள் கேட்டாள், "வாப்பாட காணியிலயும் தடி நட்டிருந்தது எண்டு சொல்லுவார். அதைத் துப்பரவாக்கினது நீங்களா அக்கா?"

"தெரியாது பிள்ளை. எங்களுக்கு நிலத்தைத்தான் காட்டினவை. ஆரின்ர காணி எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

அவள் பிடிச்ச கையை விடேல்ல.

இப்ப ஆரும் எங்கயாவது போறதெண்டா, முதலே போனில எல்லாத்தையும் பார்த்திட்டுத்தான் போகினம். மலைக்கு அங்கால என்ன எண்டு ரிக்கெற் போட முதலே தெரியும். நல்லதுதான். ஆனா நாங்கள் ஒண்டும் தெரியாமப் போன அந்தப் போக்கு இனி வராது.

நாங்கள் ரெண்டு பேரும் ஊருக்கு வந்து கனகாலம். அந்த மலை ஏறின நான், எங்கட பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினதே இல்லை. பழகின பாதை, அதே பாதையால திரும்பி வாறது.

போன மாசம் ரிஸ்வானா வாப்பாவின்ர காணியில வீடு கட்டிக் குடிபூரக் கூப்பிட்டாள். சாப்பிட்டிட்டுப் பின்பக்கம் நிண்டனான். வேலிக்கு அங்கால பத்தை, அதுக்கு அங்கால மரங்கள்.

"அங்கால என்ன இருக்கு?"

"நானும் போகல்ல அக்கா. யானை நிக்குதா எண்டு மட்டும் பார்த்துக்கொள்ளுங்க."

தனியத்தான் போனனான். பாதை இல்லை. வெடி எடுத்து முடிச்ச நிலம் எண்டு தெரிஞ்சும் பயமாத்தான் இருந்தது. அங்கால ஒரு சின்னக் குளம், அல்லி பூத்துக் கிடந்தது. கன நேரம் அதில இருந்தன்.

திரும்பேக்க வந்த காலடியைத் தேடேல்ல. வேற பக்கத்தால வந்தனான்.