வலக்கண்ணுக்கு விட்ட எண்ணெய்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: என் ஆயுளில் நான் கழற்றிய எதுவும் திரும்பப் பூட்டியபோது பழையபடி இருந்ததில்லை. ஒரு திருகாணியாவது மிஞ்சும்.

போன கிழமை மருமகன் புதுக் கமரா கொண்டுவந்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு திருகாணித் தலைகூட வெளியே தெரியவில்லை. திறந்தால் உத்தரவாதம் செல்லாதாம். அடியில் அச்சடித்தே ஒட்டியிருக்கிறார்கள். வாங்கியவனைக் கள்ளன் என்றா நினைத்தார்கள்? வந்த கோபத்தில் தையல் மெஷினையாவது திறப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் பழைய கோபமும் வந்து சேர்ந்துகொண்டது.

யுத்தத்துக்கு முன்பு, அரசாங்கக் கச்சேரியில் நான் இளம் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரின் ஏலத்தில் இரட்டைக் கண் கமரா வாங்கினேன். ஒருமுறை அழுத்தினால் பிலிமில் அருகருகே இரண்டு படம் விழும். இரண்டையும் அதற்குரிய பார்வைப் பெட்டியில் செருகிப் பார்த்தால் ஆள் எழுந்து நிற்பதுபோலத் தெரியும். எங்களவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு செலவில் இரண்டு படம் என்பதுதான் அவர்களுக்கு அதிசயம்.

வாவிக்காற்றின் உப்பில் அதன் வலக்கண்ணைத் திறந்து மூடும் தகடுகள் இறுகிப்போயின. கூட வந்த விளக்கப் புத்தகமோ ஜெர்மன் பாஷையில். எங்கள் புளியந்தீவுக்கு வரப்போகிற சாமானுக்கு ஜெர்மனில் எழுதியவனை என்ன செய்யலாம்? காத்தான்குடித் தையற்காரரிடம் எண்ணெய் கேட்டேன்.

"தம்பி, இது மெஷினுக்கு ஊத்துற சாமான்," என்றார்.

கமராவும் மெஷின்தானே என்று வாதாடி வாங்கிவந்து, வலக்கண்ணைக் கழற்றி இரண்டு சொட்டு விட்டேன். எண்ணெய் பட்டால் அந்த மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டு பிந்தித் திறக்கும் என்பதை உலகமே சேர்ந்து எனக்கு மறைத்துவிட்டது.

அப்போதுதான் என்னோடு வேலைசெய்த செட்டிபாளையத்துத் தம்பிராசா, தன் தங்கை பூமணிக்குச் சம்பந்தம் பேசினான். ரெயில்வே மாப்பிள்ளைக்கு ஒரு படம், அவருடைய தாய்மாமனான பனிச்சங்கேணி அம்மானுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. பிலிமில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு தடவைக்குத்தான்; அதில் பூமணியை எடுத்தேன். கழுவியதும் இடது படத்தைப் பார்த்தேன்; அருமை. அதில் எனக்கென்று ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். இடதை மாப்பிள்ளைக்கு அனுப்பி, மற்றதும் இதுதானே என்று பார்க்காமலே உறையிலிட்டு அம்மானுக்கு அனுப்பினேன்.

மாப்பிள்ளை சம்மதம் என்று எழுதினார். அம்மான் கச்சேரி வாசலுக்கே வந்து குதித்தார்.

"கண் தெரியாத புள்ளயயா எங்கட பொடியன்ட தலையில கட்டப் பாக்கிறீங்க?"

அவர் நீட்டிய படத்தில் பூமணியின் கண்கள் இறுக மூடியிருந்தன. கமராவின் இடக்கண் நேரத்துக்குத் திறந்திருக்கிறது. எண்ணெய் குடித்த வலக்கண் பிந்தியிருக்கிறது. இடையில் இவள் கண்ணை மூடியிருக்கிறாள். ஒரு விநாடி பொறுத்திருக்கக் கூடாதா?

தம்பிராசா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் ரோசம் வந்தது. அறைக்கு ஓடிப் பார்வைப் பெட்டியை எடுத்துவந்து, என் பிரதியையும் அவர் படத்தையும் செருகிக் கொடுத்தேன். அம்மான் அதைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு கண்ணுக்குத் திறந்த விழி, மறு கண்ணுக்கு மூடிய இமை. மனிதர் எதை நம்புவார்?

"டேய் மனே, புள்ள கண் சிமிட்டுதுடா!"

சிமிட்டுகிற கண்ணில் பழுதிருக்காது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். தை மாதம் கல்யாணம்.

அம்மான் இன்றில்லை. கமராவை வெள்ளம் கொண்டுபோயிற்று. துரைமாரின் சாமானை ஏலத்தில் எடுத்து, கேட்பாரில்லாமல் கழற்றிக் கெடுக்கும் உரிமையும் போயே போயிற்று. பின்னொரு நாள் பூமணியைக் கண்டபோது, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த பெருமையில் எண்ணெய்க் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணன், அந்த மனிசன எனக்குத் துப்பரவா விருப்பமில்ல. வேணுமெண்டுதான் கண்ண மூடினன். கமராட மற்றக் கண்ணுக்கும் ரெண்டு சொட்டு விட்டிருந்தா நான் தப்பியிருப்பன்."