காய்கறிப் பயணிகளும் தப்பு நோட்டும்

இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். நேர்மை, துணிவு, கூட்டு முயற்சி. கடைசி வரியில் தவறாமல், ‘நாம் ஒரே குடும்பம்.’ அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் குடும்பம் இருக்கிறது ஐயா. ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தா, அம்மா, மூன்று தம்பிகள். எத்தனை சண்டை போட்டாலும் அங்கிருந்து என்னை யாரும் நீக்க முடியாது. கம்பெனியில் நீக்கலாம். நீக்கவும் செய்தார்கள், என் கண்ணெதிரே, என் தப்புக்காக இன்னொருத்தியை.

தொண்ணூறுகளின் நடுவில், ஏரிக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் எங்கள் கம்பெனி ஆரம்பித்தது. முதலாளி சேலத்துக்காரர், மெட்ராஸில் வேலை பார்த்து அலுத்துத் திரும்பியவர். கம்ப்யூட்டருக்கு ஏ.சி. வேண்டும் என்றார்களாம். மலையே ஏ.சி.தானே என்று எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டார். மூடுபனி பிளாப்பி டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கவைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. பிஸ்கட் டப்பாவில் அரிசியைக் கொட்டி அதற்குள் பிளாப்பிகளைப் புதைத்து வைத்தோம். முதலில் ஐந்தே பேர். வேலைக்குப் போவேன் என்று வீட்டில் மல்லுக்கட்டி வந்த நான் ஒருத்தி. வெள்ளக்கடையிலிருந்து அண்ணன் பைக்கில் வந்து இறங்கும் பெண் ஒருத்தி. அவள் வீட்டார் காபியும் ஆரஞ்சும் பயிரிடுகிற மலை விவசாயிகள். என்னைவிட நாலு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். பேச்சு கம்மி, கண் மட்டும் ஊசி.

தனியார் பஸ்காரர்களுக்கு சீட் முன்பதிவு செய்யும் புரோகிராம் எழுதினோம். எழுதுவது, சோதிப்பது, பிளாப்பியைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் போட்டுக் கொடுப்பது, எல்லாம் நாங்களே. தப்பும் நாங்களேதான்.

அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தோம். நீல அட்டை போட்ட நீள நோட்டு, பெயர் தப்பு நோட்டு. யார் தப்புச் செய்தாரோ அவரே, அவர் கையெழுத்தில், மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். என்ன நடந்தது. எப்படி நடந்தது. இனி யாருக்கும் நடக்காதபடி நான் என்ன செய்தேன். பதினோரு மணி டீக்கு எல்லோரும் கூடும்போது எழுதியவரே எழுந்து வாசிக்க வேண்டும். கேட்கிறவர்கள் ‘எப்படி’ என்று எத்தனை தடவையும் கேட்கலாம். ‘ஏன் செஞ்சே’ என்று மட்டும் கேட்கக் கூடாது. முதலாளியே ஒருமுறை வாய் தவறி ‘ஏன்’ என்று ஆரம்பித்தபோது அந்த வெள்ளக்கடைப் பெண், “ஏனுங்க சார், அது நம்ம வழக்கமில்லீங்களே” என்றாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நோட்டில் அதிகம் எழுதியவள் அவள்தான். மற்றவர்கள் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போகிற சின்னஞ்சிறு தப்பைக்கூட எழுதிவிடுவாள். அதனாலேயே அவள் புரோகிராம்களில் ஒரே தப்பு இரண்டாம் முறை வந்ததில்லை. அவளுக்கு அடுத்து அதிகம் எழுதியவள் நான். பெருமையாகவே சொல்கிறேன்.

இரண்டே வருஷத்தில் ஐந்து பேர் நாற்பது பேரானோம். பங்களாவின் சாப்பாட்டு அறை, குதிரை லாயம் எல்லாவற்றிலும் மேஜை நிரம்பிவிட்டது. முதலாளிக்குக் கை மீறிப் போக, பெங்களூரிலிருந்து ஒரு மேனேஜரைக் கொண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டிக்காரர். அதுதான் தொந்தரவு. வந்த மாதமே டீ மேஜையிலிருந்த தப்பு நோட்டை எடுத்துத் தன் அறை அலமாரியில் வைத்தார். எழுத வேண்டுமானால் அவரிடம் கேட்டு வாங்கி, அவர் எதிரில் நின்று எழுத வேண்டும். சம்பள உயர்வு சமயத்தில் யார் பேரில் எத்தனை தப்பு என்று எண்ணினார். அவ்வளவுதான், நாற்பது பேரும் ஒரே நாளில் யோக்கியர்கள் ஆகிவிட்டோம்! ஒருத்தரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவள் மட்டும் மாதத்துக்கு இரண்டு தடவை அவர் கதவைத் தட்டி, “சார், நோட்டுக் குடுங்க” என்று கேட்டு எழுதினாள்.

அந்தத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சேலத்து பஸ் முதலாளி ஒருவர், போக வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துப் போடும் வசதி வேண்டும் என்றார். பத்து நாள் வேலை. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மேனேஜர், “ரெண்டே நாள்ல ஆயிடும்” என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

சோதிக்கும்போது பொய்ப் பயணிகளை ஏற்றுவோம். நிஜ ஆட்களோடு குழம்பாதிருக்க ஆளுக்கொரு வகைப் பெயர். அவளுடையது ராகி, தினை, சாமை. என்னுடையது காய்கறி. கூட்டம் அதிகமுள்ள நாளை வைத்துத்தான் சோதிப்போம், ஆகவே தீபாவளிக்கு முந்தின நாள் காலை மெட்ராஸ் பஸ்ஸில் ஏழு காய்கறிகளை உட்காரவைத்தேன். வேலை முடிந்ததும் அவற்றை இறக்கிவிட வேண்டும். இறக்கவில்லை. இரண்டு நாள் அவசரத்தில் மறந்தே போனேன். அப்படியே பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தேன். அவள் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

முன்பதிவு கவுண்டரில் சீட் நிறைந்ததா இல்லையா என்று மட்டும்தான் திரையில் தெரியும். பெயர் வருவது பஸ் கிளம்பும்போது அச்சடிக்கும் சார்ட்டில். தீபாவளிக்கு முந்தின நாள், ஜனம் அலைமோதுகிற சேலம் பஸ் ஸ்டாண்டில், கண்டக்டர் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறார்: “ஏழாம் நம்பர் கத்திரிக்காய்! கத்திரிக்காய் யாருங்க? எட்டாம் நம்பர் பூசணிக்காய்!” முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கால்மணி நேரம் பூசணிக்காய்க்காகக் காத்திருந்துவிட்டு பஸ் ஏழு சீட் காலியாகக் கிளம்பிப் போனது. மூன்று நாளாக சீட் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பம் பெட்டியும் கைக்குழந்தையுமாக நின்று அதைப் பார்த்திருக்கிறது. அதற்கு மேல் யார் சிரிப்பார்கள்?

பண்டிகை முடிந்ததும் பஸ் முதலாளி காரைப் போட்டுக்கொண்டு மலை ஏறி வந்தார். “ஏனுங்க, நான் பஸ் ஓட்டறனா, சந்தைக்கு லாரி ஓட்டறனா?” என்று கூடத்தில் நின்று கத்தினார். கத்திரிக்காய் என்ற சொல் காதில் விழுந்ததுமே இறக்காமல் விட்ட ஏழு பேரும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் அது யார் வகை என்று தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

“இதைக் கொண்டுபோய்ப் போட்டது யாரு?” என்றார் மேனேஜர்.

“நாந்தானுங்க சார்,” என்றாள் அவள்.

அவர் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். தான் வந்த பிறகு அவள் பெயர் எத்தனை தடவை என்று எண்ணினார். பத்தொன்பது. “பத்தொம்பது தப்பு எழுதியிருக்கே. இது இருபதாவது. நாளைலேருந்து வர வேண்டாம்மா.” அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று ‘என்னுடையது’ என்று சொல்ல மூச்சுவிடும் நேரம் போதும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? அடுத்த மாதம் என்னை டீம் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நான்கு நாள் செய்தேன். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பரிதாபப்படுவீர்கள். பொய். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் எல்லோரையும் கூட்டி அந்தப் பலகையை மாட்டினார்கள். நேர்மைதான் முதல் வரி. மேனேஜர் கையைத் தூக்கி என்னைக் காட்டினார். “இவங்களைப் பாருங்க. நான் வந்ததிலேருந்து நோட்டுல ஒரு தப்புகூட இல்லை. இதுதான் நம்ம குடும்பத்தோட மதிப்பு.” எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் என்னை எழுப்பியது. மனசாட்சி அல்ல, அவமானம்.

“சார், அந்தக் கத்திரிக்காய் என்னுது,” என்றேன். “பூசணிக்காயும் என்னுதுதான். அவ எழுதினா, நான் மறைச்சேன். எழுதினவளை அனுப்பிட்டு மறைச்சவளுக்குக் கை தட்டறீங்க.”

மேனேஜர் அவசரமாகக் கிட்டே வந்து தணிந்த குரலில், “உக்காருங்க. அந்தப் பொண்ணு போயாச்சு. இத இதோட விடுங்க” என்றார். பார்த்தீர்களா, அவருக்கு உண்மை தேவைப்படவே இல்லை. நேராக அவர் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துவந்தேன். மூன்று கட்டத்தையும் எழுதி உரக்க வாசித்தேன். மூன்றாவதில், ‘இந்த நோட்டு இனி டீ மேஜையை விட்டு நகராது. யாரும் இதை எண்ண மாட்டார்கள். அவளைத் திரும்பக் கூப்பிட்டுவருகிறேன்’ என்று எழுதியிருந்தேன். முதலாளி தலை குனிந்து நின்றார். “எப்படி நடந்துச்சுங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றார். பெரிய வீரம் என்று நினைக்காதீர்கள். அந்த சீட் புரோகிராம் முழுசும் என் தலைக்குள்தான் இருந்தது, என்னை அனுப்ப முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளக்கடைக்குப் போனால் அவள் அம்மா காபிப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “வாங்க சாமி. புள்ள ஊட்ல இல்லீங்களே, ஆபீசுக்குத்தானுங்க போயிருக்கா. இந்த வாரம் பூராவும் சேலத்துல வேலைன்னு சொன்னா.” வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கீழே இறங்கினேன்.

முன்பதிவு கவுண்டருக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, இனிமேல் கிளம்பவிருக்கும் பஸ்களின் சார்ட்டுகளை முன்கூட்டியே அச்சடித்துக் குவித்துவைத்து ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக இதே வேலையாம். சம்பளம் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

“பொங்கல் பஸ்ல உங்க முருங்கைக்காய் இன்னும் ரெண்டு இருந்துச்சுங்கக்கா. எடுத்துட்டேன்,” என்றாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க. நாஞ் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும். நாலு நாளு நொம்ப அதிகமுங்கக்கா.”

“ஆமா கண்ணு. பயந்துட்டேன். தப்புதான். வா, போலாம்.”

“வரமாட்டனுங்க. ரெண்டு நாள்ல ஆவும்னு வாக்குக் குடுத்தது யாருங்க? அவரும் ஒண்ணு எழுதோணும்.”

அது சரியாகத்தான் பட்டது. அங்கிருந்தே எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு, மேனேஜர் எழுதுகிற வரைக்கும் நானும் மலை ஏறப்போவதில்லை என்றேன். “என்னங்க இது!” என்று கத்தினார். கத்தட்டும் என்று போனை வைத்துவிட்டு, பாதிச் சார்ட்டை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் நோட்டு. பஸ் கிளார்க், கண்டக்டர் எல்லோரும் வேடிக்கை பார்க்க, கவுண்டர் பலகை மேல் வைத்து வேர்க்க வேர்க்க எழுதி அவளிடம் நீட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள்.

“வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாருன்னு எழுதியிருக்கீங்க. இது அவரு தப்புங்க சார்,” என்று நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். “உங்க தப்ப எழுதுங்க.”

அந்த வரியை அடித்துவிட்டு, மறுபடி எழுதினார்.